குளிர் சாலைத்தளங்களும் நகர வெப்பமும்: பீனிக்ஸ் நகர முயற்சியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நகரங்களின் வெப்பத்தைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகக் 'குளிர் சாலைத்தளம்' இன்று பல நாடுகளில் முன்மொழியப்படுகிறது. வெயிலை எதிரொளிக்கும் பூச்சுகள், நீரை உட்கொண்டு ஆவியாக்கும் தளங்கள் ஆகியவை இதனுள் அடங்கும். இத்தளங்களால் வெப்பம் குறைகிறது என்னும் கூற்று, எதன் வெப்பம் என்று வரையறுக்கப்படாதவரை முழுமை பெறாது. சாலைப்பரப்பின் வெப்பநிலை, அதற்கு மேலுள்ள காற்றின் வெப்பநிலை, அச்சாலையில் நிற்கும் மனித உடல் ஏற்கும் கதிர்வீச்சு ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவைகள். ஒன்று குறையும்போது மற்றொன்று கூடவும் கூடும். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020 முதல் மேற்கொள்ளப்பட்ட முயற்சியின் அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. அதிலிருந்து தமிழக நகரங்களை ஆய்வோர் கருதத்தக்க சில முறையியல் கருத்துகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: நகர வெப்பத் தீவு, எதிரொளிதிறன், குளிர் சாலைத்தளம், சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை, பீனிக்ஸ், நீர்புகு தளம்.

1. முன்னுரை

கோடை நண்பகலில் தார்ச்சாலையில் வெறுங்காலால் நடக்க இயலாது என்பதும், கதிரவன் மறைந்த பின்னரும் அச்சாலையிலிருந்து அனல் எழும் என்பதும் நகரத்தார் யாவரும் அறிந்தவை. இவ்விரு பட்டறிவுகளும் இருவேறு நிகழ்வுகளைக் குறிக்கின்றன. முதலாவது, வெயிலைப் பரப்பு உட்கவர்தல். இரண்டாவது, உட்கவர்ந்த வெப்பத்தைச் சேமித்துப் பின்னர் வெளிவிடுதல். நகரங்கள் தம்மைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதற்கு இவ்விரண்டாவது நிகழ்வு ஒரு முதன்மைக் காரணமாகும்.

இவ்வேறுபாட்டை முதன்முதலில் முறையாக அளந்து பதிவு செய்தவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். 1818-1820 ஆண்டுகளில் வெளிவந்த தம் லண்டன் தட்பவெப்ப நூலில், நகரின் இரவுகள் புறநகரின் இரவுகளைவிட வெப்பமானவை என்று அவர் காட்டினார். இந்நிகழ்வு பின்னாளில் 'நகர வெப்பத் தீவு' எனப் பெயர் பெற்றது. இதன் ஆற்றல் அடிப்படையை 1982இல் டிமோத்தி ஓக் தெளிவுபடுத்தினார். கட்டடங்களும் சாலைகளும் பகலில் வெப்பத்தைச் சேமித்தல், ஆவியாதல் குறைதல், தெருவின் இருபுறச் சுவர்கள் வானத்தை மறைப்பதால் இரவில் வெப்பம் வெளியேறத் தடைபடுதல், மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்பம் ஆகியவை இதன் கூறுகளாகும்.

இக்கூறுகளுள் சாலைகளின் பங்கு சிறிதன்று. அமெரிக்க நகரங்களின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 முதல் 45 விழுக்காடு வரை சாலை, நடைபாதை, வாகன நிறுத்தம் போன்ற பாவிய தளங்களே என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறிப்பிடுகிறது. கட்டடக் கூரைகள் தனியாருக்கு உரியவை. சாலைகளோ பெரும்பாலும் நகராட்சியின் உடைமை. எனவே அரசு நேரடியாக மாற்றக்கூடிய பரப்பு என்ற வகையில் சாலை ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. அம்மாற்றம் யாருக்கு, எந்த நேரத்தில் பயன் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. சாலை சூடாகும் முறை

ஒரு பரப்பின் மீது விழும் வெயிலில் திருப்பி அனுப்பப்படும் பங்கு எதிரொளிதிறன் எனப்படும். முழுவதும் உட்கவரும் பரப்புக்கு இது 0. முழுவதும் திருப்பி அனுப்பும் பரப்புக்கு 1. புதிதாக இட்ட தார்ச்சாலையின் எதிரொளிதிறன் 0.05 முதல் 0.10 வரை அமைகிறது. காலப்போக்கில் தார் தேய்ந்து உள்ளிருக்கும் ஜல்லி வெளிப்படுவதால் இது சற்று உயர்கிறது. சாம்பல் நிறச் சிமெண்ட் கான்கிரீட் சாலை புதிதாக இருக்கையில் 0.35 முதல் 0.40 வரை எதிரொளிக்கும். அழுக்கும் வண்டிச் சக்கரங்களின் கறையும் படிவதால் இது பின்னர்க் குறைகிறது. ஆக, நாள்பட நாள்படத் தார் வெளுக்கிறது, கான்கிரீட் கறுக்கிறது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு சுருங்குகிறது.

உட்கவரப்பட்ட ஆற்றல் நான்கு வழிகளில் செல்கிறது. ஒரு பகுதி அகச்சிவப்புக் கதிர்களாக மேல்நோக்கி உமிழப்படுகிறது. ஒரு பகுதி பரப்பைத் தொடும் காற்றைச் சூடாக்குகிறது. ஒரு பகுதி கீழ்நோக்கிக் கடத்தப்பட்டுச் சாலையின் அடுக்குகளிலும் மண்ணிலும் சேமிக்கப்படுகிறது. பரப்பில் ஈரம் இருப்பின் ஒரு பகுதி அதை ஆவியாக்குவதில் செலவாகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் நான்காம் வழி அடைபட்டுள்ளது. ஆகவே முதல் மூன்று வழிகளும் மிகுகின்றன. கோடை நண்பகலில் வழக்கமான சாலைத்தளங்களின் வெப்பநிலை 48 முதல் 67 பாகை செல்சியஸ் (இனி °செ.) வரை உயர்வது இதனாலேயே.

குளிர் சாலைத்தளங்கள் இந்த ஆற்றல் வரவு செலவில் இரண்டு இடங்களில் தலையிடுகின்றன. எதிரொளிதிறனை உயர்த்தி வரவைக் குறைப்பது ஒன்று. அடைபட்ட நான்காம் வழியைத் திறந்து செலவை மாற்றுவது மற்றொன்று.

3. குளிர் சாலைத்தள வகைகள்

முதல் வகை எதிரொளிக்கும் தளங்கள். வெளிர்நிற ஜல்லியைப் பயன்படுத்துதல், பழைய தார்ச்சாலையின் மேல் கான்கிரீட் அடுக்கு இடுதல், வெளிர்நிறப் பூச்சு பூசுதல் ஆகியவை இதில் அடங்கும். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புப் பகுதியில் உள்ளது. அப்பகுதியை மட்டும் மிகுதியாக எதிரொளிக்கும் நிறமிகளைக் கொண்டு, பார்வைக்குச் சற்றுக் கருமையாகவே இருந்தும் குறைவாகச் சூடாகும் பூச்சுகளை உருவாக்க இயலும். இவ்வகைப் பூச்சு, ஓட்டுநர்களின் கண் கூச்சத்தைத் தவிர்க்க உதவுகிறது.

இரண்டாம் வகை நீர்வழித் தளங்கள். இவற்றுள் நீர்புகு தளம் மழைநீரைத் தன் துளைகள் வழியே கீழே செல்லவிடுகிறது. நீர்தேக்கு தளம் நீரைத் தன்னுள்ளேயே பிடித்துவைத்து மெல்ல ஆவியாக்குகிறது. நீர்புகு கான்கிரீட்டில் நுண்பொருள்கள் தவிர்க்கப்படுவதால் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு வரை வெற்றிடம் அமைகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் ஆற்றல் தேவை. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஆவியானால், அது தொடர்ச்சியாக ஏறத்தாழ 670 வாட் ஆற்றலை எடுத்துச்செல்வதற்கு ஒப்பாகும். உச்சி வெயிலின் பெரும்பகுதிக்கு இது ஈடானது. நீர் இருக்கும்வரை இவ்வழியின் ஆற்றல் பெரிது. நீர் தீர்ந்ததும் பயனும் தீர்கிறது. அதன்பின் துளைகளிலுள்ள காற்று வெப்பம் கீழிறங்குவதைத் தடுப்பதால், உலர்ந்த நீர்புகு தளத்தின் மேற்பரப்பு நண்பகலில் வழக்கமான தளத்தைவிட மிகுதியாகச் சூடாவதும் உண்டு. எனினும் அது சேமிக்கும் வெப்பம் குறைவாதலால் இரவில் விரைந்து ஆறும்.

இவற்றையன்றி, உருகும்போது வெப்பத்தை ஏற்கும் பொருள்களைத் தளத்தில் கலத்தல், தளத்தினுள் குழாய் பதித்து நீரால் வெப்பத்தை எடுத்தல் முதலிய முறைகளும் ஆய்வில் உள்ளன. நகர அளவில் பெரிதும் செயற்படுத்தப்பட்டது எதிரொளிக்கும் பூச்சே. அதற்குத் தக்க சான்று பீனிக்ஸ்.

4. பீனிக்ஸ் நகர முயற்சி

அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸ் பாலைநிலத்தில் அமைந்த பெருநகரம். அங்கு ஆண்டு மழையளவு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே நீர்வழித் தளங்கள் அங்குப் பெரும்பயன் தரா. எதிரொளிக்கும் பூச்சைத் தேர்ந்தெடுத்தது நிலத்தின் இயல்புக்கு ஏற்றதே. 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள்கள் அங்கு வெப்பநிலை 43.3 °செ.-ஐ (110 பாகை பாரன்ஹீட்) எட்டியது அல்லது கடந்தது. 1974இல் பதிவான 18 நாள்களே அதற்கு முந்தைய மிகுதி. பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் 2023இல் வெப்பம் தொடர்பான இறப்புகள் 645 எனப் பதிவாயின. இறந்தோருள் கணிசமானோர் வீடற்றோர். நகர வெப்பக் குறைப்பு அங்கு உயிர் காக்கும் பணியாகக் கருதப்படுவதில் வியப்பில்லை.

2020இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தில், நகரின் எட்டு மாமன்றத் தொகுதிகளிலும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதி தெரிவு செய்யப்பட்டு, அவற்றின் தார்ச்சாலைகளின் மேல் நீரை அடிப்படையாகக் கொண்ட வெளிர்சாம்பல் பூச்சு பூசப்பட்டது. ஒரு பூங்காவின் வாகன நிறுத்தமும் இதில் சேர்ந்தது. பூச்சின் விளைவை அளக்கும் பொறுப்பை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்றது. முதலாண்டு முடிவுகள் 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்டன. அவற்றின் சாரம் வருமாறு:

அ) நண்பகலிலும் பிற்பகலிலும் பூச்சிட்ட சாலையின் பரப்பு, பூச்சிடாத சாலையைவிடச் சராசரியாக 5.8 முதல் 6.7 °செ. வரை குறைவாக இருந்தது. கதிரவன் எழும் வேளையில் இவ்வேறுபாடு 1.3 °செ.

ஆ) பரப்பிற்குக் கீழுள்ள அடுக்கின் வெப்பநிலை சராசரியாக 2.7 °செ. குறைந்தது.

இ) ஏறத்தாழ ஆறடி உயரத்தில் இரவு நேரக் காற்றின் வெப்பநிலை சராசரியாக 0.3 °செ. குறைந்தது.

ஈ) நண்பகலிலும் பிற்பகலிலும் சாலையில் நிற்பவர் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு, பூச்சிட்ட சாலையில் 3.1 °செ. கூடியது. வழக்கமான கான்கிரீட் பரப்பின் மேல் நடப்பதற்கு இது ஏறத்தாழ ஒப்பானது என்று அவ்வறிக்கை குறிப்பிட்டது.

முதல் மூன்று முடிவுகளும் ஒரு திசையிலும் நான்காவது எதிர்த்திசையிலும் செல்கின்றன. செய்தித்தாள்களிலும் திட்ட விளம்பரங்களிலும் பெரும்பாலும் இடம்பெறுவது முதலாவது மட்டுமே. இந்நான்கையும் முரண்பாடாகக் கொள்ளாது ஒரே நிகழ்வின் பல முகங்களாகக் கொள்வதற்கு ஆற்றல் கணக்கு உதவுகிறது.

5. எதிரொளித்த வெயில் செல்லுமிடம்

நான்காம் முடிவில் பயன்படுத்தப்பட்ட அளவை 'சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை' என்பதாகும். ஒருவர் நிற்குமிடத்தில் வானம், கதிரவன், தரை, சுவர் ஆகிய எல்லாத் திசைகளிலிருந்தும் அவர்மீது விழும் கதிர்வீச்சைத் தொகுத்து, அதற்கு ஈடான ஒரே வெப்பநிலையாக வெளிப்படுத்துவது இது. வெயிலில் நிற்பவருக்கும் அருகிலுள்ள மரநிழலில் நிற்பவருக்கும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் உடல் உணர்வு முற்றிலும் வேறு. அவ்வேறுபாட்டைக் காட்டுவது இவ்வளவையே.

எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். இது விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட மாதிரிக் கணக்கு, அளவீடு அன்று. தெளிந்த கோடை நண்பகலில் கிடைப்பரப்பின் சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். பூச்சிடாத சாலையின் எதிரொளிதிறன் 0.12, பூச்சிட்டதன் எதிரொளிதிறன் 0.33 எனில், பூச்சிட்ட சாலை கூடுதலாக எதிரொளிப்பது 189 வாட்.

பூச்சிடாத சாலை 65 °செ. வெப்பநிலையிலும் பூச்சிட்ட சாலை 59 °செ. வெப்பநிலையிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பரப்பு உமிழும் அகச்சிவப்புக் கதிர்வீச்சு அதன் தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது ஸ்டெபான்-போல்ட்ஸ்மான் விதி. அவ்விதிப்படி 65 °செ.-இல் ஏறத்தாழ 740 வாட்டும், 59 °செ.-இல் ஏறத்தாழ 689 வாட்டும் உமிழப்படும். அதாவது பூச்சிட்ட சாலை உமிழ்வது 51 வாட் குறைவு.

இப்போது சாலையில் நிற்பவரை நோக்குவோம். கீழிருந்து வரும் எதிரொளித்த வெயில் 189 வாட் கூடுகிறது. அகச்சிவப்பு வெப்பம் 51 வாட் குறைகிறது. உடையணிந்த மனித உடல் வெயிலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டையும், அகச்சிவப்புக் கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும் உட்கவர்வதாகக் கொள்வது வழக்கம். அவ்வாறு கணக்கிட்டால், தரையை நோக்கிய உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கூடுவது 132 வாட். குறைவது 49 வாட். நிகரமாகச் சுமை கூடுகிறது. பரப்பு குளிர்ந்திருந்தும் அதன்மேல் நிற்பவர் மிகுதியாக வெயில்படுவது இதனாலேயே.

சாலையை நோக்கின் கணக்கு வேறு. அது 189 வாட் குறைவாக உட்கவர்ந்தது. அதில் 51 வாட் உமிழ்வுக் குறைவாகச் சென்றது. எஞ்சிய 138 வாட், காற்றைச் சூடாக்குதலிலும் மண்ணுள் சேமித்தலிலும் ஏற்பட்ட குறைவாகும். பீனிக்ஸ் அறிக்கையின் இரண்டாம், மூன்றாம் முடிவுகளுக்கு இதுவே அடிப்படை. பகலில் சேமிக்கப்படாத வெப்பம் இரவில் வெளிவர இயலாது.

ஆக, நண்பகலில் அச்சாலையில் நடப்பவருக்குச் சுமை கூடுகிறது. இரவில் அத்தெருவில் உறங்குபவருக்குச் சுமை குறைகிறது. நகரத்தின் மொத்த வெப்பத்தைக் குறைப்பதும், தெருவில் நிற்கும் தனிமனிதரின் வெப்பச் சுமையைக் குறைப்பதும் வெவ்வேறு நோக்கங்கள் என்பது இதனால் தெளிவாகும். குளிர்சாதன அறையில் பகலைக் கழிப்போருக்கு முதல் நோக்கம் போதும். தெருவோர வணிகர், துப்புரவுப் பணியாளர், கட்டடத் தொழிலாளர், பேருந்துக்குக் காத்திருப்போர் ஆகியோருக்கு இரண்டாம் நோக்கமும் நிறைவேற வேண்டும். சாலைப்பரப்பின் வெப்பநிலையை மட்டும் வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளும் திட்டம் இவர்களைக் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகிறது.

6. பிற நகரங்களின் பட்டறிவு

பீனிக்ஸ் முடிவுகள் தனித்து நிற்பவை அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பூச்சிட்ட சாலைகளை ஏரியன் மிடல் தலைமையிலான குழு, கதிர்வீச்சை எல்லாத் திசைகளிலும் அளக்கும் கருவிகள் பொருத்திய தள்ளுவண்டியைக் கொண்டு ஆராய்ந்தது. 2020இல் வெளிவந்த அவ்வாய்வு, பரப்பு 4 முதல் 6 °செ. வரை குளிர்ந்திருந்ததையும், நண்பகலில் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை ஏறத்தாழ 4 °செ. கூடியதையும் காட்டியது. கத்தார் நாட்டின் தோஹா நகரில் 2019இல் ஒரு தெருவின் 200 மீட்டர் நீளத்திற்கு நீலநிறப் பூச்சு பூசிப் பதினெட்டு மாதச் சோதனை தொடங்கப்பட்டது.

ஜப்பானின் தோக்கியோ இரு வகைகளையும் கையாண்டது. வெயிலைத் தடுக்கும் பூச்சுடன் நீர்தேக்கு தளங்களும் அங்கு இடப்பட்டன. கோடையில் தெருவில் நீர் தெளிக்கும் 'உச்சிமிசு' என்னும் பழைய வழக்கம் அந்நாட்டில் உண்டு. நீர்தேக்கு தளத்தை அதன் பொறியியல் வடிவம் எனலாம். அங்குக் கோடைக்கு முன்னும் பின்னும் மழை பெய்வதால் தளத்திற்கு நீர் கிடைக்கிறது. எனினும் 2020 ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தை வெப்பம் கருதித் தோக்கியோவிலிருந்து வடக்கே சப்போரோ நகருக்கு மாற்றப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2019இல் முடிவு செய்தது. சாலைத்தளத்தால் மட்டும் தெருவின் வெப்பத்தைக் கட்டுப்படுத்திவிட இயலாது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

நிழலின் ஆற்றலை இவற்றுடன் ஒப்பிட வேண்டும். அரிசோனாவின் உலர்ந்த கோடைப் பிற்பகலில் மரநிழல், சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலையை 30 °செ.-க்கும் மேல் குறைப்பதை அளவீடுகள் காட்டியுள்ளன. பூச்சினால் கூடுவதும் குறைவதும் ஒற்றை இலக்கங்கள். நிழலால் குறைவது அதன் பன்மடங்கு. பீனிக்ஸ் நகரமே 2010இல் வகுத்த மரம், நிழல் திட்டத்தில், 2030க்குள் 25 விழுக்காடு மர நிழல் என்னும் இலக்கை வைத்திருந்தது. மரம் வளரக் காலமும் நீரும் வேண்டும். பூச்சோ ஒரே நாளில் முடியும். விரைவில் முடிவதால் பூச்சு விரும்பப்படுவது நிர்வாக இயல்பு. அவ்விரைவு நிழலுக்கு மாற்றாகிவிடலாகாது.

7. நீடிப்பும் கரியமிலக் கணக்கும்

பூச்சின் எதிரொளிதிறன் நிலையானது அன்று. பீனிக்ஸில் பூசிய புதிதில் 33 முதல் 38 விழுக்காடாக இருந்த எதிரொளிப்பு, பத்து மாதங்களில் 19 முதல் 30 விழுக்காடாகக் குறைந்தது. பூச்சிடாத சாலையின் எதிரொளிப்பு 12 விழுக்காடு. எனவே பூச்சால் கிடைத்த கூடுதல் பங்கு 21 முதல் 26 புள்ளிகளிலிருந்து 7 முதல் 18 புள்ளிகளாகச் சுருங்கியது. இடைப்பட்ட மதிப்புகளைக் கொண்டு நோக்கின், முதலாண்டு நிறைவதற்குள் கூடுதல் பயன் ஏறத்தாழப் பாதியாயிற்று எனலாம். பகுதிக்குப் பகுதி இவ்வளவு வேறுபாடு காணப்படுவதால், பூசிய உடனே எடுத்த அளவீட்டை நீண்டகாலப் பயனாகக் காட்டுவது பொருந்தாது.

பூச்சையும் கான்கிரீட்டையும் உற்பத்தி செய்வதற்கும் ஆற்றல் தேவை. கலிபோர்னியா நகரங்களை முன்வைத்து லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் பங்கேற்று 2017இல் வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டு ஆய்வு, பல எதிரொளிக்கும் பொருள்களின் உற்பத்தியில் செலவாகும் ஆற்றல், அவற்றால் குளிர்சாதனங்களில் மிச்சமாகும் ஆற்றலைவிட மிகுதியாகலாம் என்று காட்டியது. இதிலிருந்து குளிர் சாலைத்தளம் பயனற்றது என முடிவு செய்ய வேண்டியதில்லை. புதுப்பிக்க வேண்டிய சாலையைப் புதுப்பிக்கும்போது வெளிர்நிறப் பொருளைத் தெரிவு செய்வதும், நல்ல நிலையிலுள்ள சாலையின் மேல் வெப்பக் குறைப்புக்காக மட்டும் புதிய அடுக்கு இடுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதே இதன் பொருள்.

8. தமிழக ஆய்வாளர் கருதத்தக்கவை

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ள நிலையில், நகர வெப்பக் குறைப்பு வழிகள் இங்கும் ஆய்வுப்பொருளாகின்றன. பீனிக்ஸ் முடிவுகளை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. ஆயின் அங்குப் பின்பற்றிய அளவீட்டு முறை இங்கும் பொருந்தும்.

முதலாவது, செயற்கைக்கோள் தரவின் எல்லை. நகர வெப்பம் குறித்த ஆய்வேடுகள் பலவும் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்பப் படங்களைப் பயன்படுத்துகின்றன. அவை காட்டுவது பரப்பின் வெப்பநிலையை. அதுவும் காலை 10 மணியளவில், மேலிருந்து தெரியும் கூரை, மர உச்சி, சாலை ஆகியவற்றின் கலவையாக. லேண்ட்சாட் 8-இன் வெப்ப உணரி 100 மீட்டர் பகுப்புடையது. பத்து மீட்டர் அகலத் தெருவைத் தனித்துக் காட்ட அதனால் இயலாது. அத்தரவு நகரின் வெப்பமிகு பகுதிகளை ஒப்பிடுவதற்கு ஏற்றது. தெருவில் நடப்பவரின் வெப்பச் சுமைக்கு அதைச் சான்றாக்க இயலாது.

இரண்டாவது, ஈரப்பதம். சென்னை போன்ற கடற்கரை நகரில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாவது தடைபடுவதால், கூடுதலாக விழும் சிறிதளவு கதிர்வீச்சும் உடலுக்குப் பெருஞ்சுமையாகலாம். ஆகவே காற்றின் வெப்பநிலையுடன் ஈரப்பதம், காற்றின் வேகம், கதிர்வீச்சு ஆகியவற்றையும் ஒருசேர அளத்தல் வேண்டும்.

மூன்றாவது, மழையின் காலம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைப்பது. கடும் வெயிலோ ஏப்ரல் முதல் ஜூன் வரை. மழையில் தளம் ஏற்ற நீர் கோடைவரை அதில் நில்லாது. நீர்புகு தளங்கள் நிலத்தடி நீர்ச் செறிவூட்டலுக்கும் தெருவில் நீர் தேங்குவதைத் தவிர்ப்பதற்கும் இங்குப் பெரிதும் உதவக்கூடும். ஆனால் அவற்றைக் கோடை வெப்பத் தணிப்புக்கு எனப் பரிந்துரைக்குமுன், அக்காலத்தில் நீர் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு விடை வேண்டும். தெருப் புழுதியால் துளைகள் அடைபடுவதையும் பராமரிப்புச் செலவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, கதிரவனின் உயரமும் தெருவின் அமைப்பும். சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். அப்போது ஒடுங்கிய தெருக்களிலும் தரையில் முழு வெயில் விழும். அங்கு எதிரொளித்த வெயிலில் ஒரு பகுதி வானுக்குத் திரும்பாமல் எதிர்ச் சுவர்களிலும் சாளரங்களிலும் விழும். பீனிக்ஸின் அகன்ற, தாழ்ந்த வீடுகள் கொண்ட தெருக்களில் பெற்ற முடிவு இத்தெருக்களுக்குப் பொருந்துமா என்பது அளந்து அறியவேண்டியது.

ஐந்தாவது, ஒப்பீட்டு முறை. பூச்சிட்ட தெருவுடன் அதே அகலமும் திசையும் நிழலும் கொண்ட பூச்சிடாத தெருவை இணையாகக் கொண்டு, விடியல், நண்பகல், மாலை, முன்னிரவு ஆகிய வேளைகளில் ஒரே நாளில் அளத்தல் வேண்டும். பூசிய நாள் தொடங்கிக் குறைந்தது ஓராண்டுக்கேனும் அளவீட்டைத் தொடர்தல் வேண்டும். அளவீட்டின் உயரத்தையும் நேரத்தையும் குறிப்பிடாத 'வெப்பக் குறைவு' எண்கள் ஒப்பீட்டுக்கு உதவா.

9. முடிவுரை

குளிர் சாலைத்தளம் என்னும் பெயரே, சாலை குளிர்ந்தால் தெருவும் குளிரும் என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. பீனிக்ஸ் அளவீடுகள் அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன. எதிரொளிக்கும் பூச்சு சாலையின் பரப்பையும் அடியையும் குளிர்விக்கிறது. இரவுக் காற்றைச் சிறிதளவு தணிக்கிறது. நண்பகலில் சாலையில் நிற்பவரின் கதிர்வீச்சுச் சுமையைக் கூட்டுகிறது. ஓராண்டுக்குள் தன் கூடுதல் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. இந்நான்கும் ஒருங்கே உண்மையானவை.

எனவே இத்தளங்களின் பயன் இடத்தைப் பொறுத்தது. பகலில் மக்கள் நடமாட்டம் குறைந்த அகன்ற சாலைகள், வாகன நிறுத்தங்கள், இரவு வெப்பத்தால் வருந்தும் குடியிருப்புத் தெருக்கள் ஆகியவற்றில் இவை ஏற்றவை. பேருந்து நிறுத்தம், சந்தை, பள்ளி விளையாட்டிடம், நடைபாதை ஆகியவற்றில் நிழலே முதன்மை; தளத்தின் நிறம் அதற்கு அடுத்ததே. சாலையின் வெப்பநிலையை மட்டும் அளக்கும் ஆய்வு, சாலையில் வாழ்ந்து உழைப்பவரைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. அவர்கள் நிற்கும் உயரத்தில், அவர்கள் நிற்கும் நேரத்தில் அளப்பதையே நகர வெப்ப ஆய்வு தன் தொடக்கமாகக் கொள்ள வேண்டும்.